தறிக்கணக்கில் ஒரு துபாஷி

கம்ப்யூட்டர் விஷயம் என்றதும் நம் வயதுக்காரர்கள் பாதிப் பேர் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இது கூலி விஷயமும்கூட. அதனால் கொஞ்சம் உட்காருங்கள்.

எங்கள் ஐயம்பேட்டையில் கூலிக்குத் தறி நெய்கிறவருக்கும் முதலாளிக்கும் நடுவில் எப்போதும் ஒரு நோட்டு உண்டு. பாவு கொடுத்த தேதி, பட்டு எடை, ஜரிகை எடை, இறக்கின புடவை, கூலி, முன்பணம், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி, இருபத்திரண்டு தறிக்குப் பாவு கொடுப்பவர், அந்த நோட்டை மூடிவைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறி ஏழெட்டு வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ‘சி’ மொழியில் அவருக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். புடவை இறக்கினதும் தறி நம்பரைத் தட்டினால் சீட்டு அச்சாகி வரும். நன்றாகத்தான் ஓடியது. பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா மகளோடு சேர்ந்து நெய்கிறார். வீட்டுக்காரர் இறந்தபோது முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் 24,000 ரூபாய் பாக்கி இருந்தது. புடவைக்கு 500 ரூபாய் பிடித்தம். சாவு வீட்டில் நாலு பேர் எதிரில் முதலாளி சொன்னார்: “மிச்சத்துல பாதிய நான் தள்ளிடறேம்மா, மீதியப் பாத்துக்கலாம்.” பெரிய மனசுதான். அன்று நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

மீதி 12,000 என்றால் இருபத்துநான்கு புடவை. அந்த அம்மா சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். இருபத்தைந்தாவது புடவைக்கும் 500 பிடித்தம். இருபத்தாறுக்கும், இருபத்தேழுக்கும். சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஐயா, நான் தப்பா எண்ணிட்டனா பாருங்க.”

அவர் தப்பாக எண்ணவில்லை. முதலாளியிடம் போனேன். அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. தலையைச் சொறிந்தார். “சொன்னது ஞாபகம் இருக்கு சார். ஆனா கம்ப்யூட்டர்ல பாதி தள்ளுபடின்னு போட எடமில்லையே. அது பாட்டுக்குப் பிடிக்குது.”

இந்த மாதிரி வாக்கியத்தை நான் உத்தியோக காலம் முழுக்கக் கேட்டவன். ‘ரூல்ல இடமில்லை’ என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். இப்போது ரூலுக்குப் பதில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய கணக்குப்பிள்ளை ஒரு வழி சொன்னார். அந்த அம்மா 12,000 ரொக்கமாகக் கட்டியதாக ஒரு வரவு போட்டுவிட்டால் பாக்கி தானாகக் குறைந்துவிடுமே என்றார். குறையும். பெட்டியில் வராத 12,000 ரூபாய் புத்தகத்தில் வந்ததாக நிற்கும். வருஷக் கடைசியில் ஆடிட்டர் கேட்டால் அதற்கு இன்னொரு பொய் வேண்டும். கட்டாத பணத்துக்கு ரசீது போடுவதற்கு நான் உடன்படவில்லை.

பையனின் தங்கை இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அவள்தான் அண்ணனிடமிருந்து புரோகிராமின் மூலத்தை வாங்கி வந்தாள். இருவரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். (நான் ஓய்வுபெற்ற பிறகு, கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய அந்த மெலிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘சி’ கற்றுக்கொண்டவன். பெரிய வித்வான் இல்லை. படித்தால் புரியும்.) உள்ளே எல்லாம் எண்ணாகவே இருந்தது. சாதாப் புடவைக்கு இவ்வளவு, கோர்வைக்கு இவ்வளவு, பிடித்தம் 500 என்று புரோகிராமின் வயிற்றுக்குள்ளேயே எழுதித் தைத்திருந்தான் பையன்.

‘சி’யில் எழுதினதை அப்படியே ஓட்ட முடியாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. முழுவதையும் ஒரே தடவையில் இயந்திர பாஷைக்கு மொழிபெயர்க்க வேண்டும். அந்தக் காரியத்துக்குக் கம்பைலர் என்று பெயர். மொழிபெயர்த்த பிறகு அது மிக வேகமாக ஓடும், ஆனால் கையெழுத்தாகி முத்திரை விழுந்த பத்திரம் மாதிரி. ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால்கூட மூலத்துக்குப் போய்த் திருத்தி, மறுபடி மொழிபெயர்க்க வேண்டும். அதற்குத் தெரிந்த ஆள் சிங்கப்பூரில்.

“தாத்தா, இந்த ஒரு தறிக்கு மட்டும் ஒரு ‘இஃப்’ போட்டுடறேன், அஞ்சு நிமிஷ வேலை” என்றாள் பெண்.

“அடுத்த மாசம் இன்னொரு வீட்டுல இன்னொண்ணு வருமேம்மா. அப்ப நீ எங்க இருப்ப?”

நான் சம்பளப் பிரிவில் இருந்தவன். சம்பளப் பட்டியல் ரிஜிஸ்டர் வேறு, அரசாணைக் கோப்பு வேறு. ரிஜிஸ்டரின் கோடும் கட்டமும் பல வருஷம் மாறாது. அகவிலைப்படி மட்டும் ஜனவரிக்கு ஒரு தடவை, ஜூலைக்கு ஒரு தடவை என்று ஆணை வர வர மாறும். ஒவ்வொரு ஆணைக்கும் ரிஜிஸ்டரைப் புதிதாகக் கோடு போட்டு பைண்டு பண்ணினால் நாங்கள் சம்பளமே போட்டிருக்க மாட்டோம். இதிலும் விதியை வெளியே எடுத்துவை, கணக்கு உள்ளே இருக்கட்டும் என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அப்ப உள்ள ஒரு இன்டர்ப்ரெட்டர வைக்கணும் தாத்தா” என்றாள்.

இன்டர்ப்ரெட்டர்! காரைக்காலில் பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தச் சொல் ‘அன்தெர்ப்ரேத்’ என்றுதான் காதில் விழும். பிரெஞ்சுக்காரன் காலத்து அலுவலகங்களில் அது ஒரு உத்தியோகத்தின் பெயர். அதற்கும் முந்தைய பெயர் துபாஷி. இரண்டு பாஷைக்காரன். புதுச்சேரியில் டூப்ளே கவர்னராக இருந்தபோது ஆனந்தரங்கப் பிள்ளை செய்தது அந்த வேலைதான். கவர்னருக்குத் தமிழ் வராது, ஊர் வியாபாரிக்குப் பிரெஞ்சு வராது. துபாஷி வீட்டுக்குள்ளேயே இருந்து, சொல்லச் சொல்ல அப்போதைக்கப்போது எடுத்துச் சொல்லுவார். கம்பைலர் பத்திரம் எழுதுகிறவர் என்றால் இன்டர்ப்ரெட்டர் துபாஷி. வெளியே சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும் விதியை, புரோகிராம் ஓடும்போதே வரி வரியாகப் படித்து நடத்திக்கொடுக்கும். நாளைக்கு விதி மாறினால் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும், ‘சி’யைத் தொட வேண்டாம்.

முதலாளிக்கு இதை விளக்கத்தான் பயந்தேன். அவர் ஒரே வாக்கியத்தில் பிடித்துக்கொண்டார். “ஜக்கார்டுல அட்டை மாத்தறாப்பலன்னு சொல்லுங்க.” அதேதான். லியோன் நகரத்து ஜக்கார் 1804 வாக்கில் செய்ததும் அதுதானே. அதற்கு முன்னால் அங்கே தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்று கயிறு கயிறாக இழுத்துக்கொண்டிருந்தான். ஜக்கார் அந்தப் பையனின் ஞாபகத்தை ஓட்டை போட்ட அட்டைகளில் ஏற்றிக் கோத்துவிட்டார். தறி அப்படியே இருக்கும், அட்டைக்கோவையை மாற்றினால் பார்டரில் அன்னம் போய் மயில் வரும். பட்டுக்காரருக்கு நான் உபதேசம் பண்ணப் போனது அதிகப்பிரசங்கித்தனம்.

எந்த துபாஷியை வைப்பது என்பதில் இரண்டு நாள் போனது. இப்படி ‘சி’ புரோகிராமுக்குள் குடிவைப்பதற்காகவே மொழி செய்யும் யோசனை பழையது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆஸ்டர்ஹவுட் என்பவர் 1988-இல் ‘டிக்கிள்’ என்று ஒன்று செய்தார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு அரைகுறை கட்டளை மொழியைத் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய், ஒரே மொழியை எல்லாவற்றுக்குள்ளும் வைக்கலாமே என்று ஆரம்பித்ததாம். பைத்தானையும் உள்ளே வைக்கலாம், ஆனால் அது பெரிய குடும்பம், சாமான் செட்டோடு வரும். முதலாளியின் கம்ப்யூட்டர் கிழம். எனக்கு உள்ளூர ஃபாப்ரிஸ் பெல்லார் 2019-இல் வெளியிட்ட ‘குவிக்ஜேஎஸ்’ மேல் ஆசை. சின்னது, ஜாவாஸ்கிரிப்டை அப்படியே ‘சி’க்குள் வைக்கலாம், ஆளும் பிரெஞ்சுக்காரர். “தாத்தா, ஊர்ப் பாசத்துல மொழி செலக்ட் பண்ணக்கூடாது” என்று பெண் சிரித்துவிட்டாள். கடைசியில் ‘லுவா’.

லுவாவின் கதை எனக்குப் பிடித்தது. 1993-இல் பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் செய்தது. அங்கேயிருந்த அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸுக்காக இரண்டு சின்ன மொழிகள் ஏற்கெனவே இருந்தன. அதில் ஒன்றின் பெயர் ‘சோல்’. போர்த்துக்கீசில் சூரியன். அதற்கு அடுத்து வந்ததால் இதற்குச் சந்திரன் என்று பேர் வைத்தார்கள். நாங்கள் ‘லூன்’ என்போம், அவர்கள் ‘லுவா’. அந்தக் காலத்தில் பிரேசில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் சாமான்களை எளிதில் உள்ளே விடாது. நம் ஊர் லைசென்ஸ் காலம் மாதிரி. அதனால் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் வந்தது என்பார்கள். மொத்த மூலமும் ஏறத்தாழ 30,000 வரி ‘சி’. நல்ல விஷயம், காசு இல்லை.

அதோடு லுவாவில் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ‘சி’யில் பூஜ்யத்திலிருந்து. புரோகிராமர்கள் இதற்காக லுவாவைத் திட்டுகிறார்களாம். எந்த ரிஜிஸ்டரில் ஐயா சீரியல் நம்பர் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது? நான் லுவா கட்சி.

உள்ளே வைக்கும் காரியம் நான் நினைத்ததைவிட எளிது. லுவாவின் மூலத்தையும் நம் மூலத்தையும் சேர்த்துக் கம்பைல் பண்ண வேண்டும். ‘சி’யில் ஒரு வரியில் துபாஷியை வேலைக்கு எடுக்கிறோம். அடுத்து விதிக் கோப்பைப் படிக்கச் சொல்கிறோம். ஒவ்வொரு புடவைக்கும் “இந்தத் தறி, இந்த ரகம், கூலி என்ன, பிடித்தம் என்ன?” என்று கேட்கிறோம். வேலை முடிந்தால் துபாஷியை அனுப்பிவிடுகிறோம்.

இரண்டு பேரும் பேசிக்கொள்வது ஒரு அடுக்கு வழியாக. மேஜை மேல் ஃபைல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்போமே, அதேதான். ‘சி’ தறி நம்பரை வைக்கும், அதன்மேல் ரகத்தை வைக்கும். லுவா இரண்டையும் எடுத்துக்கொண்டு பதிலை அங்கேயே வைக்கும். அடியிலிருந்து எண்ணினால் 1, 2, 3. மேலிருந்து எண்ணினால் -1, -2, -3. மேலே உள்ளது என்ன என்று கேட்க அடுக்கின் உயரம் தெரிய வேண்டியதில்லை. வைத்ததை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் ஒழுங்கு. இல்லாவிட்டால் சில சீட்டுகளுக்குப் பிறகு அடுக்கு சரியும். அலுவலக மேஜைக்கும் பொருந்துகிற சட்டம்.

எதிர்த்திசையிலும் வழி உண்டு. ‘சி’யில் எழுதின வேலையை லுவாவுக்குப் பேர் சொல்லிப் பழக்கலாம். ‘இந்தத் தறிக்கு முன்பணப் பாக்கி எவ்வளவு’ என்று விதிக் கோப்பு கேட்டால், ‘சி’ தன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும். புத்தகத்தைத் திறக்கும் உரிமை ‘சி’யிடம் மட்டும். லுவா கேட்கலாம், கை வைக்க முடியாது.

இங்கேதான் நான் பிடிவாதம் பிடித்தேன். துபாஷிகள் வீட்டுக்குள் இருந்தே பெரிய ஆளானவர்கள். எந்த அறைச் சாவியைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். லுவாவோடு கூடவே சில துணைக்கட்டுகள் வரும். கோப்புகளைத் திறக்க ஒன்று, கம்ப்யூட்டருக்கே கட்டளை கொடுக்க ஒன்று. அவற்றை ஏற்றாமல், கணக்குக்கும் எழுத்துக்கும் வேண்டியதை மட்டும் ஏற்றலாம். பொதுக்கட்டில் இருக்கும், வேறு கோப்பைப் படித்து ஓட்டும் கட்டளைகளையும் பெயரை அழித்து எடுத்துவிட்டோம். விதி எழுதுகிறவர் தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிற மாதிரி எழுதிவிட்டால்? இத்தனை கட்டளை நடந்ததும் ‘சி’யை ஒருதரம் கூப்பிடு என்று கொக்கி போட்டு வைக்கலாம். கூப்பிடும்போது, போதும் நிறுத்து என்று ‘சி’ சொல்லும். ஒரு தறியின் கணக்கில் கோளாறு என்றால் முழுப் புரோகிராமும் விழுந்துவிடாமல் காப்போடு அழைக்கிற முறையும் இருக்கிறது. அந்தத் தறிச் சீட்டில் காரணம் அச்சாகும், மற்ற இருபத்தொன்றும் ஒழுங்காக வரும்.

விதிகளைத் தமிழிலேயே எழுத முடியுமா என்று கேட்டேன். முத்தையா அண்ணாமலை ‘எழில்’ என்று தமிழ்ச் சொற்களாலேயே ஒரு மொழி செய்திருக்கிறார், 2009-இலேயே அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆனால் அது பைத்தான் மேல் நிற்பது, எங்கள் கிழட்டுப் பெட்டிக்கு ஒத்துவராது. லுவாவில் மாறிகளின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் எந்த எழுத்தும் வரலாம். அதனால் ‘கோர்வை’, ‘சாதா’, ‘புட்டா’ என்று ரகங்களைத் தமிழிலேயே மேற்கோளில் போட்டோம். கணக்குப்பிள்ளை கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “இது நம்ம நோட்டாட்டமே இருக்குதே” என்றார்.

அங்கேதான் இன்னொரு கவலை பிறந்தது. இவ்வளவு எளிதாக மாற்றலாம் என்றால் கூலியையும் எளிதாகக் குறைக்கலாம் அல்லவா? பழைய புரோகிராம் முரடு, ஆனால் முதலாளியாலும் அதை அசைக்க முடியாது. அரசாணை என்றால் எண் உண்டு, தேதி உண்டு, கையெழுத்து உண்டு. அதனால் இரண்டு நிபந்தனை சொன்னேன். லுவாவில் இரண்டு சிறுகோடு போட்டால் அந்த வரி குறிப்பாகிவிடும், கணக்கில் சேராது. ஒவ்வொரு விதிக்கும் தலையில் அப்படி ஒரு குறிப்பு வேண்டும்: என்றைக்கு, யார் சொன்னது, யார் எதிரில். இரண்டாவது, விதியின் தேதி நெய்கிறவர் கையில் போகும் சீட்டிலேயே அச்சாக வேண்டும். பழைய விதிக் கோப்பை அழிக்காமல் தேதி போட்டு வைக்க வேண்டும்.

முதலாளிக்கு இது ருசிக்கவில்லை. “என் கணக்குல எதுக்கு சார் சாட்சி?” என்றார். நியாயமான கேள்விதான், அவர் பணம். நான் பதில் சொல்லவில்லை. பெண் மட்டும், “தேதி இல்லன்னா ரெண்டு மாசம் கழிச்சு ஏன் மாத்தினோம்னு உங்களுக்கே தெரியாது மாமா” என்றாள். ஒரு வாரம் இழுத்தார். பிறகு ஆள் அனுப்பி, போட்டுக்கொள்ளச் சொன்னார்.

பழையதையும் புதியதையும் போன மூன்று மாதக் கணக்கில் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தோம். அந்த அம்மாவின் தறி தவிர எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. இன்னொரு தறியில் 200 ரூபாய் வித்தியாசம். இரவு பத்து மணி வரை தேடினோம். கடைசித் தவணைக்கு 300 ரூபாய்தான் பாக்கி, பழைய புரோகிராம் பாக்கியைப் பாராமல் 500 பிடித்திருக்கிறது. புது விதியில் பிடித்தமும் பாக்கியும் எது குறைவோ அதை எடு என்று எழுதியிருந்தோம். அந்த நெசவாளிக்கு 200 ரூபாய் திரும்பியது. அவருக்கே இது தெரியாது.

அந்த அம்மாவின் 1,500 ரூபாயை முதலாளி அடுத்த சீட்டிலேயே கொடுத்துவிட்டார். விதிக் கோப்பில் அவர் தறிக்கு மேலே குறிப்பு இருக்கிறது: துக்க வீட்டில் சொன்ன தேதி, பாதி தள்ளுபடி, சாட்சி நால்வர். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“என் பேரும் இருக்குதா ஐயா?”

“தறி நம்பர்தான் இருக்கும்மா.”

“பேரு போடச் சொல்லுங்க.”

குறிப்பு வரிதானே, கணக்கைப் பாதிக்காது. போட்டாயிற்று.

தீபாவளிக்கு முன்னால் கூலி ஏறியது. இந்தத் தடவை பெண்ணையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. கணக்குப்பிள்ளையே கோப்பைத் திறந்து மாற்றியிருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. ஒரு சீட்டும் வரவில்லை, திரையில் ஏதோ இங்கிலீஷில் இருக்கிறது என்றார். எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன். 27-ஆம் வரியில் திறந்த ‘இஃப்’பை மூட ‘எண்ட்’ வேண்டும் என்றிருந்தது.

“கடைசியில ‘எண்ட்’னு ஒரு வார்த்தை அடிங்க.”

“அடிச்சுட்டேன் சார்.”

“இப்ப?”

ஃபோனில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.